ஆணி பிடுங்கிய ஜன்னல்

பேரன் வீட்டில் அலமாரி செய்ய வந்தவர் மரத்தை இழைத்தபோது எழுந்த வாசம், காஜா பெராங் ஊரில் இப்போது இல்லாமல் போன எங்கள் வீட்டின் பின்னறைக்கு என்னைக் கொண்டுபோனது. வெள்ளைக்காரன் காலம். அக்கா பெரியவளானதும் பள்ளியை நிறுத்தி அவளை அந்த அறையோடு இருத்திய அத்தா, தெரு ஜன்னலையும் ஆணியடித்து மூடியிருந்தார். சைக்கிள் மணியும் மாட்டுவண்டிச் சத்தமும் கேட்கும். எதையும் பார்க்க முடியாது.

பள்ளித் தோழிகள் கொடுத்த ரிப்பன்களை வைக்க, கடையிலிருந்து வந்த சோப்புப் பெட்டிப் பலகையில் அக்கா ஒரு சின்னப் பெட்டி செய்யத் தொடங்கினாள். வீட்டில் கிடந்த ரம்பமும் இழைப்புளியும் அவளுக்குப் புதிது. வெட்டு கோணலாகப் போகும், விரலில் சிலாம்பு ஏறும். ஆணி தீர்ந்ததும் ஜன்னலிலிருந்தே பிடுங்கினாள். காற்று வந்தது. இருவரும் முகத்தை நீட்டியபடி நின்றோம்.

மாலையில் வந்த அத்தா பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "பாகுஸ் லா, நீயா செஞ்ச?" என்று மலாய் கலந்து மெச்சிச் சிரித்தார். பிறகுதான் ஜன்னலைக் கவனித்தார்.

"யாரு தொறந்தது?"

"நான்தான் அத்தா. கொஞ்ச நேரம் தொறந்திருக்கட்டுமே."

அவர் தெருப்பக்கம் போய், வெளியிலிருந்து ஆணியடிக்கத் தொடங்கினார். அறை இருண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், பெட்டிக்குப் பொருந்தாத மூடியை அக்கா இழைத்துக்கொண்டே இருந்தாள்; நான் அவள் கையருகே விளக்கைப் பிடித்தேன்.