யசிந்தா அக்கா வைக்க விடாத பவளம்

செவ்வாய்க்கிழமை காலை, புதுத் தொட்டியின் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது குருநகரிலிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள் யசிந்தா அக்காவின் மகள். கையிலிருந்த சோதனைக் குழாயைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். அன்று முழுவதும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

எங்கள் கடலுயிர் ஆய்வுகூடத்தில் பதினான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர் அவர். பதவியில் நான் மேலே; தொட்டிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதே நடக்கும். வலைகளில் சிக்கி உடைந்து வரும் பவளத் துண்டுகளை உரிய அனுமதியோடு வளர்த்துவந்தோம். பழைய தொட்டி கசியத் தொடங்கியதால் சென்ற ஆண்டு புதியதொன்றை அமைத்தோம்.

ஆறாவது வாரம். நஞ்சான அமோனியா இல்லை, தண்ணீர் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் பார்க்க வருவதாயிருந்தது. அக்கா லீவில் நின்ற நாளில், எதையும் தாங்காத கொம்புப் பவளத்தில் ஒரு துண்டைப் புதுத் தொட்டியில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் சதை உரிந்து வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சியது. அக்கா அதைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி அவசரப்பட்டனீர்?"

"தண்ணி நல்லாத்தானே இருந்தது அக்கா."

"ஒரு நாள் நல்லா இருந்தாப் போதுமே? மாதக்கணக்கா ஒரே மாதிரி நிக்கவேணும். வந்தவை பாத்திட்டுப் போயிடுவினம். இது இஞ்சையெல்லோ சீவிக்கவேணும்."

அதன் பிறகு எதை எப்போது வைப்பது என்பதை அவரே வகுத்தார். பழுப்புப் பாசி வந்து போகவேண்டும். முதலில் எளிதில் சாகாத காளான் பவளங்கள். கற்களில் இளஞ்சிவப்புப் பாசி படர்ந்து, தண்ணீரின் காரத்தன்மை ஏறி இறங்காமல் நின்ற பிறகே கொம்புப் பவளம். நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் சோதிப்பேன். "நீர் சுத்திச் சுத்தி வாறதிலை மீனுக்குத்தான் தலை சுத்துது" என்று சிரிப்பார்.

பிறகு அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியர் சொன்ன காலம், தொட்டிக்கு வேண்டிய காலத்தைவிடக் குறைவு. அந்தக் கணக்கு என்னை உறங்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் கைபேசியில் தொட்டியின் படத்தைக் காட்டினேன்.

"உந்தக் கல்லைக் கிட்டக் காட்டும். பாசி பிடிக்குதோ?"

"இப்பதான் பொட்டுப் பொட்டாத் தெரியுது. அக்கா, வாற கிழமை கொம்புப் பவளத்தை வைச்சிடுவமோ? நீங்கள் ஒருக்காப் பாக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதற்காக அவசரப்படுகிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்குக் காட்டவோ? வேண்டாம் தம்பி. நான் பாக்காட்டிலும் அது உயிரோடை இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். அவரை அதன் பின் ஒருமுறைதான் பார்த்தேன். அப்போது அவரால் கதைக்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையன்று அவர் நினைவாகப் பவளத்தை வைப்போம் என்று ஆய்வுகூடத்தில் எல்லோரும் விரும்பினார்கள். எல்லோரையும்விட எனக்கே விருப்பம். அன்று காலை சோதித்தேன். காரத்தன்மை மீண்டும் இறங்கியிருந்தது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மகள் கேட்டாள்: "அம்மாடை பவளம் வைச்சாச்சோ, அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் காலம் இருக்கு."

இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. கால்கள் இன்னும் தொட்டியைச் சுற்றியே அலைகின்றன. ஆனால் அந்த "இல்லை"யைத் தடுமாறாமல் சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.