இரண்டு தகப்பன்மாரின் கையெழுத்து

காலை ஆறேகாலுக்குத் திருகோணமலையில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 135 கிலோமீற்றர், டிக்கட் 580 ரூபா. யன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் கண்ணாடியை மூட முடியவில்லை. வெருகல் தாண்டும்வரை வாயெல்லாம் புழுதி. அறுபத்து மூன்று வயதில் இந்த அலைச்சல் தேவையா அம்மா என்று மகள் கேட்டாள். தேவைதான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கேட்டால் அப்படிச் சொல்லமாட்டேன்.

மடியிலிருந்த பையில் ஒரே ஒரு கடிதம். இஸ்ரேலிலும் பலஸ்தீனத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர், யூதரும் பலஸ்தீனருமாகச் சேர்ந்து, ஒரு சின்ன வட்டம் நடத்துகிறார்கள். இரண்டு பக்கத்திலும் அவர்களுக்குத் துரோகிப் பட்டம். யுத்தம் கண்ட நாடுகளிலிருந்து ஆதரவுக் கடிதம் கேட்டிருந்தார்கள். பெரிய மனிசர் கையெழுத்து வேண்டாமாம். மோதிக்கொண்ட இரண்டு பகுதியிலிருந்தும், பகுதிக்கு ஒருவராக, பிள்ளையை இழந்த தாயோ தகப்பனோ ஒரே கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். திருகோணமலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிக் கடிதத்தை எழுதினோம். கையெழுத்துக்கு ஆள் எனக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான். என் வாய் சும்மா கிடக்காது.

மட்டக்களப்பில் இருபத்தாறு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் வெளிநாட்டார் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது பழக்கமானவர்கள்தான் உன்னிச்சைக் கணபதிப்பிள்ளையும் காத்தான்குடி அலியார் காக்காவும். முஸ்லிம் பெரியவர்களைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கணபதிப்பிள்ளையின் மூத்த மகனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், அவன் திரும்பவில்லை. காக்காவின் ஒரே மகனை வயலுக்குப் போகிற வழியில் சுட்டார்கள். சுட்டது எங்கள் ஆட்கள், தமிழர்.

இருவரின் காணியும் ஒரே வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில், வரம்போடு வரம்பாகக் கிடக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முஸ்லிம்கள் கால்வைக்க முடியாதிருந்த வருடங்களில் காக்காவின் வயலையும் கணபதிப்பிள்ளைதான் விதைத்து வெட்டினார். காக்காவின் பங்கு நெல்லைத் தோணியில் ஏற்றி வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கத்திலும் பிடிபட்டால் உயிர் போயிருக்கும். இன்றைக்கும் அந்த வயல் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. சமாதானம் என்று வெளிநாட்டாருக்குக் காட்ட என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பதினொரு மணிக்கு மட்டக்களப்பில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். உன்னிச்சைக்குப் போய், நின்று, திரும்பக் கூட்டிவர 4,500 ரூபா. வலையிறவுப் பாலத்தைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பெரும்போக விதைப்புத் தொடங்க இன்னும் மழை வேண்டும், வட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஓட்டோக்காரர் முப்பது வயதுப் பொடியன், பேச்சுக்காரன்.

"இந்த ஓட்டோவையும் விக்கப்போறன் டீச்சர். இஸ்ரேலுக்குப் பதிஞ்சிரிக்கன். தோட்ட வேல."

"அங்க குண்டு விழுகுதே?"

"இஞ்ச விழேல்லியா? அங்க விழுந்தாலும் சம்பளம் தாறாங்க."

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கணபதிப்பிள்ளை மெலிந்திருந்தார். மனைவி தெய்வானை பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு, கையோடு போனைக் கொண்டுவந்து இளைய மகனின் படத்தைக் காட்டினாள். பொலித்தீன் கூரைக்குக் கீழே தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்று சிரிக்கிறான். அவனும் இஸ்ரேலில்தான் இருக்கிறான், போய் ஒன்றரை வருடம். சைரன் கேட்டால் கொங்கிறீட் அறைக்குள் ஓடவேணுமாம். ஒவ்வொரு நாளும் விடிய அவனுடைய குரல் வரும்வரைக்கும் தான் அடுப்பு மூட்டுவதில்லை என்றாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கணபதிப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அனுப்பின ஏஜன்சிக்காரன் ஒரு கடதாசியிலயும் பேர் வரக்கூடாதெண்டு சொன்னவன் டீச்சர். மகனத் திருப்பி அனுப்பிப் போடுவானுகளாம்."

"உங்கட பேர் மட்டுந்தான். ஊர் கூட இல்ல."

"அந்த நாளையில எங்களுக்கும் வெள்ளைக்காரர் காயிதம் போட்டவங்கதானே. நீங்கதான் வாசிச்சுக் காட்டின நீங்க. மூத்தவன் வந்தானா?"

மூட்டை மூட்டையாக வந்த அட்டைகள் அவை. உங்களோடு நிற்கிறோம் என்று எங்கோ பனி பெய்கிற ஊரிலிருந்து எழுதியிருப்பார்கள். ஒரு துப்பாக்கியைக்கூட அவை நிறுத்தவில்லை. ஆனாலும் அதில் ஒன்றை நான் வருடக்கணக்காக அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். முகம் தெரியாத ஒருத்தி என்னை நினைத்தாளே என்று ஒரு ஆறுதல். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

"காக்காவும் வைப்பார்தானே?" என்று கேட்டார். நாளைக்குக் காலையில் அவரிடம்தான் போகிறேன் என்றேன். பேனையை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினார். நான் ஓட்டோவில் ஏறும்போது பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்து, கவனமாப் போங்க டீச்சர் என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்றிரவு கல்லடியில் சிநேகிதி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவில் பேரீச்சைகள் வரிசையாக நிற்கின்றன. துணிக்கடைகளில் அப்போதுதான் கதவு திறந்து சாரிகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பல கடைகளின் கண்ணாடியில் பலஸ்தீனக் கொடி ஒட்டியிருந்தது. அலியார் காக்காவின் வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு தகப்பன் வெள்ளைத் துணியில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தான். காக்கா சத்தத்தைக் குறைத்தார், படத்தை நிறுத்தவில்லை.

"வாங்க டீச்சர், இரிங்க. இதப் பாக்காமலும் இரிக்கேலா, பாத்துட்டுச் சோறு தின்னவும் ஏலா."

கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இரண்டு பக்கம் எண்டு எழுதிரிக்கிங்க. ஒரு பக்கம் குண்டு போடுற பிளேன் கிடக்கு. மத்தப் பக்கம் என்ன கிடக்கு?"

"சரிதான் காக்கா, நான் அதைச் சமம் எண்டு சொல்லேல்ல. புள்ளையப் பறிகொடுத்தவங்க இரண்டு பக்கமும் இரிக்காங்க. அவங்க சேந்து கேக்கிறாங்க. அவ்வளவுதான்."

அவர் பேனையை எடுக்கவில்லை. எனக்கு அவசரம் பிடித்துவிட்டது. கணபதிப்பிள்ளையின் பெருமையைச் சொன்னால் மனம் இளகும் என்று நினைத்தேன்.

"கணபதிப்பிள்ளையப் பாருங்க காக்கா. இளையவன் அங்க இஸ்ரேல்ல தக்காளித் தோட்டத்தில நிக்கிறான். பேர் வெளிய வந்தா வேலை போயிரும். அப்படியிருந்தும் வச்சிரிக்கார்."

"எங்க நிக்கிறான்?"

"இஸ்ரேல்ல."

காக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஜோர்தான்ல நிக்கிறான் எண்டுதானே கணவதி எனக்கிட்டச் சொன்னவன்."

ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணபதிப்பிள்ளை சொல்ல வந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. பாவி, நான் கெடுத்துவிட்டேன். பயத்தில சொல்லியிருப்பார் காக்கா, உங்கள இழக்கக்கூடாதெண்ட பயத்தில, என்று ஏதேதோ சொன்னேன்.

"ஒன்றரை வருசமா ஒவ்வொரு தொழுகையிலயும் அந்தப் புள்ளைக்குத் துஆக் கேட்டன் டீச்சர். அந்தத் தோட்டங்கள்ல முந்தி வேல செஞ்சது ஆரு? பலஸ்தீன் ஆக்கள். அவங்கள நிப்பாட்டிப்போட்டுத்தான் இவங்கள எடுக்கிறானுகள். பசிக்குப் போனான், அது எனக்கு விளங்குது. தகப்பன் எனக்கிட்டப் பொய் சொன்னதுதான் விளங்கல்ல."

அவர் கடிதத்தை இழுத்து, கணபதிப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "கணவதிட்டச் சொல்லுங்க, இந்தப் போகத்துக்கு வயலுக்கு வேற ஆள் பாக்கிறன் எண்டு. ஊட்டுக்கும் வரவேணாம்."

"காக்கா, இதை வச்சிட்டு அதையும் சொல்லாதீங்க."

"அங்க சமாதானம் வரட்டும் டீச்சர். நான் மனசாரக் கேக்கிறன். இஞ்ச என்னய விட்டிருங்க."

பஸ் தரிப்பிடத்தில் நின்று கணபதிப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன். என்னால் நடந்தது என்று முதலில் சொன்னேன், பிறகு காக்கா சொன்னதைச் சொன்னேன். மறுபக்கத்தில் மாடு ஒன்று கத்தியது. கடைசியில் கேட்டார்: "கையெழுத்து வச்சாரா?"

"வச்சார்."

"அப்ப சரி," என்றார். போன் நின்றுவிட்டது.

பன்னிரண்டரை பஸ்ஸில் திருகோணமலைக்குத் திரும்பினேன். கடிதத்தைக் கிழிக்கலாமா என்று வெருகல்வரைக்கும் யோசித்தேன். இரண்டு பேரும் விரும்பி வைத்த கையெழுத்து, கிழிக்க நான் யார் என்று நினைத்து மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பினேன். அது சரியா பிழையா என்று இன்றுவரை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க இருவருக்கும் போன் எடுத்துப் பார்த்தேன், இருவரும் எடுப்பதில்லை.

ஒன்பதாம் நாள் அங்கிருந்து பதில் வந்தது. மகளை இழந்த ஒரு தாய் எழுதியிருக்கிறாள். உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தோம், பலர் அழுதார்கள், உங்கள் ஊரில் முடிந்தது எங்களுக்கும் ஒருநாள் முடியும் என்று முதல்தடவையாக நம்புகிறோம் என்கிறாள். அந்த இரண்டு தகப்பன்மாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாள்.