பத்தியச் சமையலுக்கு வந்தவள்

என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். அவளைப் பெற்ற ஆயா வீராம்பட்டினத்திலிருந்து வந்து, உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவள், பிறகு தன் ஊர் திரும்பவில்லை. அப்பா பிரெஞ்சு சர்க்காரில் குமாஸ்தா. எனக்குத் தலை வாரிவிட்டது, ஜுரத்தில் கண்விழித்தது எல்லாம் ஆயாதான். மீன்காரக் குடும்பம், ரவிக்கை போட்டறியாதவள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சைகோன் வரை போய்வந்த சொல்தா குடும்பம், பகட்டுக்குக் குறைவில்லை. அவர்கள் போகும்வரை வெளியே தலைகாட்டாதே என்று ஆயாவிடம் சொன்னது அப்பா இல்லை, நான். மாப்பிள்ளையின் அம்மாவோ தண்ணீர் கேட்டு உள்ளேயே போய், நீ யார் என்று விசாரித்துவிட்டாள்.

"சமையலுக்கு வந்திருக்கறேங்க," என்றாள் ஆயா, கொஞ்சமும் யோசிக்காமல்.

நானும் அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. கல்யாணத்தன்றும் அவள் சமையல் கொட்டகையிலேயே நின்றாள்.

இரண்டு வருஷத்தில் பிள்ளை பிறந்தது. எனக்குத் தாய் வீட்டில் தாய் இல்லாததால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பத்தியம் சமைக்க உங்கள் வீட்டுச் சமையல்காரியையே வரச்சொல் என்றாள் மாமியார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்பாளே என்ற பயம். மறுநாளே ஆயா பால்சுறாவோடு வந்து நின்றாள். தோட்டத்துப் பக்கம் படுத்துக்கொண்டாள், தனித் தட்டில் சாப்பிட்டாள், என்னை வாங்க போங்க என்று கூப்பிட்டாள். பால் ஊறவேண்டும் என்று தினமும் சுறாப்புட்டு வைத்து, நான் தின்று முடிக்கும்வரை நகரமாட்டாள்.

பதினாறாம் நாள் தொட்டில் போட்டார்கள். வந்திருந்த பெண்கள் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சினார்கள். ஆயா நிலைப்படி ஓரமாக வந்து நின்றாள்.

"நான் ஒரு வாட்டி தூக்கிக்கட்டுமாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தாள்.

"கைய நல்லா கழுவிட்டு வா," என்றேன் நான்.

கிணற்றடிக்குப் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். கையை முகர்ந்து பார்த்தாள்.

"மீன் வாட போவலீங்க, இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.