அத்தைக்காக நான் பேசிய ஆங்கிலம்

ஒன்பது வயதில் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நம்பியிருந்தேன். கையிருப்பு என்னவோ மாட்டைப் பற்றிப் பத்து வரி, மழைக்கு விடுமுறை கேட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

அந்தப் பெண் என் அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை. வேலூரில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பட்டுக்கு ஏற்றும் சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. கிடைக்காதது அப்பாவின் சம்மதம் மட்டும். அவர் முடியாது என்று சொல்லவில்லை. நான்கு மாதமாக "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஆரணியில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில், அத்தைக்கு வழிகாட்டப் போகிற பேராசிரியை ஏதோ கருத்தரங்குக்காக மெட்ராஸ் வந்தவர், தறிகளையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். அத்தையே பேசியிருக்கலாம். அப்பா ஒப்பவில்லை.

"அவ விஷயத்தை அவளே பேசினா அவளுக்கு வேண்டியதைத்தான் சொல்லுவா. பையன் கேக்கட்டும். இவ்ளோ ஃபீஸ் கட்டி எதுக்குப் படிக்க வெச்சிகினு இருக்கேன்?"

முந்தின நாள் அத்தை என்னைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "வயசு கேக்கக் கூடாது. கல்யாணம் ஆச்சா, எத்தினி பசங்க, என்னா சம்பளம், சாப்ட்டீங்களா, எதுவும் கேக்கக் கூடாது. அதெல்லாம் அவங்களுக்கு மருவாதி இல்ல."

"அப்போ என்னாதான் பேசுவாங்க?"

"மழை, வெய்யிலு."

எனக்கு அப்படியொரு நிம்மதி. விடுமுறைக் கடிதம் மனப்பாடமாக இருந்தது.

மறுநாள் கூடத்தில் பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். நரைத்த தலை, சிவந்த மூக்கு, அம்மா கொடுத்த காப்பியைப் பிடிக்கத் தெரியாத கை. அத்தை கதவோரம் நின்றாள். அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எத்தினி பசங்கன்னு கேளு."

உங்கள் ஊரில் மழை பெய்யுமா என்று கேட்டேன். பெய்யும் என்றார். "ரெண்டு" என்று அப்பாவிடம் சொன்னேன். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம், மூன்று என்றால் அம்மா சிரிப்பாள் என்று தோன்றியது.

"வீட்டுக்காரரு என்னா பண்றாரு?"

குளிர்காலத்திலும் மழை பெய்யுமா என்று கேட்டேன். அவர் விரிவாகப் பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கவர்மென்ட் வேலை" என்றேன். அப்பாவின் முகம் தெளிந்தது. அந்த அம்மாளும் அப்பாவைப் பரிவோடு பார்த்துத் தலையாட்டினார். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் நெசவுக்காரர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை அன்று காலையில்தான் பார்த்திருந்தார். மழைக்கு இந்த மனிதர் பயப்படுவது நியாயம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு அப்பா கடைசிக் கேள்விக்கு வந்தார். நான்கு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"அங்க நம்ம பொண்ணு சாப்ட்டாளா இல்லியான்னு கேக்கறதுக்கு யாராச்சும் இருக்காங்களான்னு கேளுடா."

அத்தை தடுத்த பட்டியலில் சாப்பாடும் இருந்தது. தினமும் மழை பெய்யுமா என்று கேட்டேன். பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். தினமும்தான், சில நாள் தொல்லையாகவே இருக்கும் என்று கைகளை விரித்துக் காட்டினார். இந்தப் பதில் மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"தினமும்தானாம்பா. சில நாள் தொல்லையாவே இருக்குமாம்."

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து நின்றாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ நம்ம தெரு மாதிரிதான்," என்றார் அப்பா. "போய்ட்டு வரட்டும்."

அத்தை போனாள். எனக்குக் கடிதம் எழுதினாள். அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மாணவன் மேஜைமேல் கால் போட்டுக்கொண்டு அவரோடு வாதாடுகிறான், அவரும் ரசிக்கிறார். பக்கத்து மேஜைப் பெண் தன் ரொட்டியைத் தானே தின்கிறாள். கஞ்சத்தனம் இல்லை, நல்ல பெண்தான், நீட்டும் வழக்கம் இல்லை. ஒரு நாள் நடைவழியில் ஒருவர் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டாராம். இவள் நின்று, தலைவலியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி நிமிர்ந்தபோது அவர் மாடிப்படி இறங்கிப் போயிருந்தாராம். இதை வகுப்பில் படித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மாதத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்குப் போவார். முதல் கேள்வி "சாப்ட்டியாமா?" இரண்டாவது, "அங்க கேக்கறாங்க இல்ல?" பதிலைக் கேட்டு என் பக்கம் திரும்புவார். "தினமும் கேக்கறாங்களாம்டா." பேராசிரியை சொன்னது அப்படியே பலித்துவிட்டது, என் மொழிபெயர்ப்பில் குற்றமில்லை என்று எனக்கு ஒரே பெருமை. அதற்கப்புறம் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. அப்பா "அலோ, அலோ" என்பார். "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் லைன் ஏன் கெடுகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அத்தை அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா இறந்து, அவருடைய காரியத்துக்கு அவள் வந்திருந்தபோது, பதினாறாம் நாள் மாலை, அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா கேட்டது என்ன, நான் கேட்டது என்ன, அவளைக் கேட்பாரில்லாத ஊருக்கு அனுப்பியது என் வாய்தான் என்பது வரைக்கும். முப்பது வருஷத்துப் பாரம் அது.

அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"கதவாண்டதானேடா நின்னுகினு இருந்தேன். அந்தக் கூடத்துல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. நீ அதுல சேத்தி இல்ல."