கறி விட்டவனின் கால்

கறி தின்கிற சாமியிடம் போய், இனிமேல் கறி தின்ன மாட்டேன் என்று நேர்ந்துகொண்டவன் நான். வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் குலசாமி கருப்பன், வருசம் தவறாமல் கிடாய் வாங்குகிறவர். அவர் முன்னால் கண்ணை மூடி நின்று, என் சுகரைக் குறைத்துவிடு, சாகிற வரைக்கும் கறி பக்கம் திரும்ப மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். டீக்கடைக்காரரிடம் போய், எனக்கு ஒரு உதவி பண்ணுங்கள், பதிலுக்கு இனி டீயே குடிக்க மாட்டேன் என்று சொன்ன மாதிரி. கருப்பன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

இத்தனைக்கும் என் பிழைப்பே ஆட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. சொந்தமாக ஒரு லோடு வண்டி. நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஆடு ஏற்றிச் சந்தையில் இறக்குவேன். ஆடு வாங்கி விற்கிற வியாபாரி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பாதி நாள் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பான். நான் கறி விட்ட செய்தியைக் கேட்டதும், பின்னால் திரும்பி ஆடுகளிடம், இவரு இனி ஒங்க ஆளு, பயப்படாம வாங்க என்றான்.

சுகர் எனக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரையும் அதே அளவு பழசு. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மிஷின் வைத்திருந்தோம். அது அந்த நேரத்துச் சுகரைச் சொல்லும். லேபில் எடுப்பது மூணு மாச சுகர். ரத்த அணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, இத்தனை நாளும் ஆள் எப்படி நடந்துகொண்டான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கறியை விட்ட கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. விரலில் பார்த்தால் சுகர் ஒழுங்காக இருக்கும். மூணு மாச சுகர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லேசாகச் சிரித்து, டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்தால் போதாது என்று சொல்லி, பழைய மாத்திரையைக் கூட்டி, புதுசாக இன்னொன்றையும் சேர்த்தார். வண்டிக்காரன், ரோட்டிலேயே திரிகிறவன், எங்கே போய் என்ன தின்கிறானோ என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

என் மனைவி முடிவே செய்துவிட்டாள். எதையும் வேடிக்கையாகப் பேசியே பழகியவன் உண்மையைச் சொன்னாலும், அடுத்து சிரிப்பு வரும் என்று எதிராளி காத்திருப்பார். வெளியில் எதுவும் தின்பதில்லை என்று நான் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே அவள் என் சட்டைப் பையைத் துழாவினாள். ஒரு டீசல் பில் கிடைத்தது. அதை மோந்து பார்த்தாள்.

எனக்கு வேறு சந்தேகம். நான் கொடுத்தது கருப்பனுக்குப் பத்தவில்லையோ? முட்டையையும் விட்டேன். நம்பர் இன்னும் ஏறியது. பால், தயிர், மோர் எல்லாவற்றையும் விட்டேன். கிடாவெட்டில் சொந்தம் முழுக்கப் பந்தியில் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, நான் மூலையில் ரசச் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். நம்பர் அதற்கும் ஏறியது. விடுவதற்கு என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

அந்தப் புது மாத்திரை ஒருநாள் தன் வேலையைக் காட்டியது. மல்லாங்கிணறு தாண்டும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. சுகர் மளமளவென்று இறங்குகிறது என்று தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு கடையில் கருப்பட்டி மிட்டாய் வாங்கி, பிரிக்கப் பொறுமையில்லாமல் தாளோடு சேர்த்துக் கடித்தேன். அந்த நேரம் பார்த்து வியாபாரி பைக்கில் வந்து சேர்ந்தான். அன்று சாயங்காலமே என் வீட்டு வாசலில் நின்று, தாளோடு தின்ற கதையை நடித்தே காட்டிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்ல கதை கிடைத்தால் நானும் விடமாட்டேன். என் மனைவிதான் சிரிக்கவில்லை.

"கருப்பன்ட்ட கறிய விட்டேன்னு சொல்லிட்டு மிட்டாய்க் கடையில போயி நிக்கிறீகளே, நாக்கு வெந்துராது?"

நாக்கு நிஜமாகவே வெந்துதான் கிடந்தது. சிவந்து, வழவழவென்று ஆகி, மிளகாய் பட்டால் எரிந்தது. சாமிக் குத்தம் என்று நானும் நம்பினேன்.

பிறகு கால் மரத்தது. முதலில் விரல்கள், அப்புறம் பாதம். தரையில் நடந்தால் ஈரப் பஞ்சில் நடக்கிற மாதிரி இருந்தது. சுகர்க்காரனுக்குக் கால் மரக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் நானும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

திருச்சுழி போகிற வழியில், கண்மாய்க் கரை வளைவில், ஒருநாள் எதிரே பஸ் வந்தது. மிதித்தேன். மிதித்ததாகத்தான் நினைத்தேன். என் கால் பிரேக்கின் மேல் இல்லை. பக்கத்தில் வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பஸ் ஒதுங்கித் தப்பித்தது. எங்கள் வண்டி கருவேல மரத்தில் மோதி நின்றது. வியாபாரிக்குத் தோளில் அடி. சில ஆடுகள் அங்கேயே செத்துப்போயின. நான் இறங்கிப் பார்த்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் அந்தச் செருப்பைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். பாதத்தில் ஊசி முனையை வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கறி சாப்பிடுவீர்களா என்று கேட்டார். முட்டை? பால்? நான் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே போனது. எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்ததும், என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பி-டுவெல்வ் என்கிற வைட்டமின் எனக்கு அடியோடு தீர்ந்திருந்தது. அது கறியிலும் முட்டையிலும் பாலிலும் இருப்பது. அது இல்லாவிட்டால் புது ரத்த அணு ஒழுங்காக உருவாகாதாம். பழைய அணுக்களே ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருக்கும். கிடக்கக் கிடக்க அவற்றில் சர்க்கரை கூடுதலாக ஒட்டும். மூணு மாச சுகர் இல்லாததை இருப்பதாகக் காட்டும். நான் வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரையோ, கொஞ்சநஞ்சம் கிடைத்த அந்தச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. சத்துக் குறைய நம்பர் ஏறியது, நம்பர் ஏற மாத்திரை கூடியது, மாத்திரை கூடச் சத்து மறுபடியும் குறைந்தது. நடுவில் நான் கருப்பனுக்குத் தயிரைத் தானம் செய்துகொண்டிருந்தேன்.

"இவர் திருட்டுத்தனமா எதுவும் சாப்பிடலம்மா" என்றார் டாக்டர். ஊசி போட்டால் நம்பர் இறங்கும், புது அணுக்கள் வருகிற கொஞ்ச நாளைக்கு அந்த இறக்கத்தையும் முழுசாக நம்பவேண்டாம் என்றார். ஏறினாலும் பொய், இறங்கினாலும் பொய். என்னைவிடப் பெரிய ஜோக்கர் ஒன்று என் ரத்தத்துக்குள் இருந்திருக்கிறது.

காலைப் பற்றிக் கேட்டேன். சுகரும் கொஞ்சம் கெடுத்திருக்கும், ஆனால் பெரும்பகுதி இந்தச் சத்துக் குறைவுதான் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் என் மனைவி முட்டை அவித்து, தட்டில் வைத்து, கருப்பன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள். தின்றேன்.

நாக்கு ஆறிவிட்டது. நம்பரும் இறங்கியது. கால் திரும்பவில்லை. வண்டியை விற்றாயிற்று. பாளையம்பட்டியில் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே பில் போடுகிறேன். முகத்துக்குச் சோப்பைப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் சாய்ந்துவிடுகிறேன். கால் எங்கே இருக்கிறது என்று கண்தான் சொல்லவேண்டும். கோயிலிலும் இப்போது கண்ணைத் திறந்துகொண்டுதான் கும்பிடுகிறேன்.

போன வாரம் வியாபாரி கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். வேறு வண்டி, வேறு டிரைவர். பின்னால் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. பழைய பழக்கத்தில், நான் கறி விட்ட புண்ணியத்தில் எத்தனை ஆடு தப்பித்திருக்கும் என்று அவனிடம் கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். மேஜைக்கு அடியில் இருந்த என் பாதத்தைக் குனிந்து பார்த்தான்.

"ஏலே, நீ திங்காத கறிய வேற எவனாவது தின்னுருப்பான். ஒரு ஆடும் தப்பிக்கல. ஒன் காலுதான் போச்சு."