நாட்டுத் தேங்காய்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மர வீட்டின் மாடியில் நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம். பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அப்போது நல்ல பகல்.

சொர்ணம்மாள் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. கணவர் சபாபதி மரக்கிடங்கில் குமாஸ்தா. கீழ்வீட்டில் இருந்தவள் வீட்டுக்காரி, டோ தின். துறைமுகக் கூலிகளுக்குப் பலகாரம் விற்று விற்றே தமிழ் பேசப் பழகியவள். சொர்ணம்மாளை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவாள். பர்மாக்காரர்கள் வாத்தியாரம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள்.

குடிவந்த அன்றே டோ தின் மாடிக்கு வந்து தென்கிழக்கு மூலைத் தூணைக் காட்டினாள். அதில் சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காய் ஒன்று தொங்கியது.

"அது நாட்டுத் தேங்கா, சயாமா. கை வெக்கக் கூடாது."

நாட் என்றால் பர்மியருக்கு வீடு காக்கும் தேவதை. சொர்ணம்மாளுக்கு நன்றாகவே புரிந்தது. டோ தின் கீழே இறங்கியதும் சபாபதிதான், "இது நாட்டுத் தேங்கான்னா, சீமைத் தேங்கா எங்கே தொங்குது?" என்று கேட்டார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மாதர் கூட்டத்தில் சொர்ணம்மாள் பேசினாள். 'இந்தக் காலத்திலும் தேவதைகளை நம்பலாமா?' என்பது தலைப்பு. நம் ஊர்க் கன்னிமாரையும் வனதேவதைகளையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசியில் அந்தத் தேங்காய்க்கு வந்தாள். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா, ஒரு கொல்லனை மரத்தில் கட்டி எரித்தானாம். எரிந்தவன் நாட் ஆனானாம். தீப்புண் காந்துகிறதாம், அதை ஆற்றத்தான் வீட்டுக்கு வீடு தேங்காய் கட்டுகிறார்களாம். "பாவம், அவருக்குக் களிம்பு கொடுக்க ஒரு வைத்தியர் கிடைக்கவில்லை போலிருக்கிறது" என்றாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவள் டோ தின். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதை மேடையில் சொல்ல வேண்டும் என்று சொர்ணம்மாளுக்குத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்து சில பெண்கள் அவளோடு வீட்டுக்கு மத்தியானம் சாப்பிட வந்தார்கள். டோ தின் காலையிலேயே ஆற்றுக்கு அக்கரை, டாலாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தோசைக்குச் சட்னி அரைக்கத் தேங்காய் இல்லை. வந்தவர்களில் ஒருத்தி, ஜெயம்மா, தூணைப் பார்த்தாள். பிறகு சொர்ணம்மாளைப் பார்த்தாள்.

"மேடையிலே அந்த உடை உடைச்சீங்க. வீட்டுல கை வரலியோ, டீச்சரம்மா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சொர்ணம்மாளுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அது எவ்வளவு காலமாக அங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. முக்காலி போட்டு ஏறினாள். துணியை அவிழ்த்தாள்.

ஆட்டிப் பார்த்தபோது தண்ணீர் களக் களக் என்றது. அம்மியின் விளிம்பில் உடைத்தாள்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

தேங்காய்ப் பருப்பு ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. முற்றல் காய் என்று சொல்லி அரைத்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். "லேசா புகை வாடை அடிக்குதே" என்றபடி ஜெயம்மா விரலை நக்கினாள். மழை வலுக்கும் முன்னே எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

சொர்ணம்மாள் தனியாக இருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. பாத்திரங்களைக் கழுவி எடுத்துவந்தவள், நிலை தடுமாறித் தூணில் கை ஊன்றினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

தூண் சுட்டது.

மழைச் சாரலில் சுவரெல்லாம் ஊறிக்கிடந்தது. தூண் மட்டும் அடுப்புப் பக்கத்துச் சுவர்போலச் சுட்டது... தண்ணீர் குடிக்கலாம் என்று பானைக்குப் போனாள். காலையில் நிரப்பிய பானை. அடியில் ஈரம்கூட இல்லை.

அப்போது மாடிப்படியிலிருந்து குரல் கேட்டது.

"சயாமா."

டோ தின்னின் குரல். சொர்ணம்மாள் போய்ப் பார்த்தாள். படியின் திருப்பத்தில், இருட்டாய் இருந்த இடத்தில், அவள் நின்றிருந்தாள். லுங்கியின் கரை தெரிந்தது. முகம் தெரியவில்லை. வெளியே அப்படி ஒரு மழை. லுங்கி நனையவே இல்லை.

"தேங்கா எங்கே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், உடைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். டோ தின் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மரியாதையாகப் பார்க்கும் அந்தக் கண்கள் மாறிப்போவதைப் பார்க்க அவளால் முடியாது.

"நாட்டுத் தேங்கான்னு சொன்னீங்களா... சாதாரண ஊர்த் தேங்கான்னு நெனைச்சுட்டேன். அரைச்சுட்டேன்."

படியில் நின்ற உருவம் கையை நீட்டியது.

"தண்ணி."

மழைத்தண்ணீர்த் தொட்டியில் மொண்டு, சொம்பை நீட்டினாள். மடக்... மடக்... காலிச் சொம்பு திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடியும்.

"தப்பு என்னுது. என் தமிழ் தப்பு."

சொர்ணம்மாள் சொம்பைத் திரும்ப வாங்கினாள்.

கொதித்தது.

கையை உதறியதில் சொம்பு உருண்டது. படியில் யாரும் இல்லை. பழைய மரப்படி. பூனை இறங்கினாலும் கிறீச்சிடும்.

சத்தமே கேட்கவில்லை...

விளக்கு வைக்கும் நேரத்தில் சபாபதி வந்தார். அவள் தூணை மறைத்து நின்றபடி அவருக்குத் துண்டை எடுத்து நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் கீழே கதவு திறந்தது. படிகள் கிறீச்சிட்டன. டோ தின் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காலையில போனவ இப்பத்தான் வர்றேன், சயாமா. ஆத்துல ஒரே அலை."

சொர்ணம்மாளின் கண் உருண்டு கிடந்த சொம்பின்மேல் போனது.

டோ தின் சிரித்தபடி பேசினாள். சாயங்காலம் தங்கை வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தாராம். உடம்பெல்லாம் துணி சுற்றியிருந்ததாம். 'உன் மாடி சயாமாவுக்குத் தமிழ் தெரியாது, பாவம், கோவிச்சுக்காதே' என்று மட்டும் சொன்னாராம்.

சபாபதி சத்தமாகச் சிரித்தார்.

"நான் விடுவேனா?" என்றாள் டோ தின். அவள் முகத்தில் பெருமை பொங்கியது. "எங்க சயாமாவுக்கா தமிழ் தெரியாது? பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லிக் குடுக்கறவங்க. மேடை ஏறிப் பேசறவங்க. அவங்களுக்குத் தெரியாத வார்த்தை இல்லைன்னேன்."

சொர்ணம்மாளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்படியான்னு கேட்டார். எழுந்து துறைக்குப் போனார். நான் வந்த படகுலதான் ஏறினார். எறங்கும்போது பார்த்தேன், ஆளைக் காணோம்."

டோ தின் குனிந்து தன் பாதத்தைத் தடவிக்கொண்டாள்.

"படியெல்லாம் இப்படிச் சுடுதே, சயாமா. இங்கே யாராவது வந்தாங்களா?"