நூறு ரூபாய் வெட்டுத் தீர்மானம்

என் வீட்டுக்காரர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கூட்டம் வருவது புதிதல்ல. ரேஷன் கார்டுக்கு வருவார்கள், மாற்றல் உத்தரவுக்கு வருவார்கள், அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையைத் தூக்கிக்கொண்டும் வருவார்கள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தே என் வயசு போயிற்று. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், காலையில் வந்து நின்ற கூட்டம் காபி குடிக்க வந்ததல்ல. அவர் அப்போது பட்ஜெட் கூட்டத்துக்காகப் புதுச்சேரியில் இருந்தார். வீட்டில் நான் மட்டும்தான்.

அவர்கள் வருவதற்கு முன்பே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு சொல்தா பேப்பரோடு வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் பிரெஞ்சுக் குடிமகன். காரைக்காலில் ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாததாலோ என்னவோ, எங்கள் தெருவிலேயே அரசியலில் அதிக அபிப்பிராயம் வைத்திருந்தவர் அவர்தான். அன்றைக்கு அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் பேப்பரை நீட்டினார். அப்போதே எனக்குச் சரியில்லை என்று பட்டது.

கீழ் மூலையில் நாலு வரி. சுகாதாரத் துறைக்கு ஒதுக்கிய மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று காரைக்கால் பகுதி சுயேச்சை உறுப்பினர், அதாவது என் வீட்டுக்காரர், வெட்டுத் தீர்மானம் கொடுத்துப் பேசினார். பிரசவத்தில் இறந்த ஒரு மீனவப் பெண்ணைப் பற்றியும் அவர் குறிப்பிட்டார். அவ்வளவுதான்.

அந்த மீனவப் பெண் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் தொகுதியின் கடலோரத்தில் ஒரு குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் கட்டி, வெள்ளை அடித்து, பந்தல் போட்டுத் திறந்தும் வைத்தார்கள். டாக்டர் மட்டும் வரவில்லை. முந்தின ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணுக்கு வலி கண்டது. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு உண்டான பிள்ளை. கட்டடத்தில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, மாட்டுவண்டியில் படுக்க வைத்துக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தார்கள். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

துக்கம் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். சட்டசபையில் இதைச் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் புருஷனிடம் கேட்டார். அந்த மனுஷன் சொல்லுங்க என்றார். அதற்குப் பிறகு இவர் டாக்டரைக் கேட்டு மன்றத்தில் இரண்டு தடவை கேள்வி போட்டார். இரண்டு தடவையும் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்துப் படித்து இவருக்குத் தூக்கம் கெட்டது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் போய் ஆஸ்பத்திரிப் பணத்தைக் குறைக்கச் சொன்னார் என்றால் என்ன அர்த்தம்? மூளை கலங்கிவிட்டதா, இல்லை யாராவது விலைக்கு வாங்கிவிட்டார்களா? கட்டின புருஷனைப் பற்றி இரண்டாவது யோசனை வந்ததே என்று இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அன்றைக்கு அதுதான் முதலில் வந்தது.

புதுச்சேரிக்கு டிரங்க் கால் போட்டேன். காத்திருக்கச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தெருவில் சத்தம்.

முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள், மீன் விற்கிற கூடையோடு கடைத்தெருவிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். ஒருத்தி கேட்டைப் பிடித்து ஆட்டினாள். எம்மெல்லே எங்கே என்று கேட்டாள். ஊரில் இல்லை என்றேன். ஊரில் இருக்கிற பணத்தையெல்லாம் வெட்டிவிட்டு எங்கே போய் ஒளிந்திருக்கிறார் என்றாள் இன்னொருத்தி. வெட்டு என்ற அந்த ஒரு வார்த்தையை ஆளுக்கு ஆள் எடுத்து வீசினார்கள். ஒரு வாலிபன் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் காலால் உதைத்தான். அது ஒரு பக்கம் கழன்று தொங்கியது. எதிர்வீட்டு சொல்தா கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். சண்டை போட்ட மனுஷன்தான். ஆனால் மீன்கூடைகளுக்கு முன்னால் எந்தப் பட்டாளம் நிற்கும்? அவரை அலேக்காக ஓரம் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் புருஷன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கத்தவில்லை. ஒரு கல் வந்து விழுந்திருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன். அவர் முன்னால் நடந்து வந்ததும் மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

"அம்மா, பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா," என்றார். "அவளுக்குத் தாய் இல்ல. டாக்டர் வருவாருன்னு அய்யா சொன்னாருன்னுதான் இங்க அழைச்சிட்டு வந்தேன். இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

இவர் என்ன செய்தார் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்வேன்? வளைகாப்பு போட்டு, தாய் இல்லாத தாய்வீட்டுக்கு, ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வார்த்தையை நம்பி ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் தாங்குமோ தாங்காதோ. பூட்டு அதே இடத்தில்தான் தொங்குகிறது. போன் வரும், அது வரைக்கும் இருங்கள் என்று மட்டும் சொன்னேன். யாரும் உட்காரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. நான் உள்ளே போனால் ஓடிவிட்டேன் என்பார்கள். வெளியே நின்றால் எந்த நேரம் எது விழும் என்று தெரியாது. நிலைப்படியிலேயே நின்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மன்றம் கலைந்த நேரத்தில்தான் லைன் கிடைத்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். இவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஹலோ கூடச் சொல்லாமல் கேட்டேன், எதற்காகப் பணத்தைக் குறைக்கச் சொன்னீர்கள் என்று.

"குறைக்கச் சொன்னாத்தான் பேச விடுவாங்க," என்றார். "இங்க வழக்கம் அப்படி. உன் வேலை சரியில்ல, அதனால நூறு ரூபாய் குறைன்னு எழுதிக் கொடுக்கணும். அப்பதான் அந்த ஆஸ்பத்திரியப் பத்தி எழுந்து கேக்க முடியும். லட்ச லட்சமா போற எடத்துல நூறு ரூபாய் ஒரு பணமா? நாளைக்கு அமைச்சர் பதில் சொல்லணும். சொல்லியே ஆகணும்."

அதற்குள் லைன் போய்விட்டது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் இவர் மேல் இரண்டு மடங்கு கோபம் வந்தது. இதை ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

வெளியே வந்தேன். மானியம், கோரிக்கை, தீர்மானம் என்றெல்லாம் சொன்னால் அடிதான் விழும். எனக்குத் தெரிந்த மாதிரி கேட்டேன்.

"கல்யாணத்துல நூத்தியொண்ணு மொய் எழுதுற மாமன், ஒத்த ரூபாயக் குறைச்சு நூறா எழுதுனா என்ன அர்த்தம்? அந்த ஒத்த ரூபாய் மிச்சம் பிடிக்கிறதுக்கா?"

கேட்டை ஆட்டின அந்தப் பெண், மாமனுக்குப் பந்தியில் மரியாதை குறைந்துபோயிற்று என்று அர்த்தம், ஊருக்கே தெரியும்படி காட்டுகிறான் என்றாள். அதைத்தான் இவர் சர்க்காருக்குச் செய்திருக்கிறார் என்றேன். டாக்டரை அனுப்பாத உனக்கு முழு மொய் கிடையாது என்று சபையில் எழுந்து சொல்லியிருக்கிறார், நாளைக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். மந்திரிக்கே மொய்யைக் குறைத்துவிட்டாரா நம்ம ஆள் என்று ஒரு கிழவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பலகையை உதைத்த வாலிபனே ஆணியைத் தேடிப் பிடித்து அதை நிமிர்த்தி வைத்தான்.

அந்த மனுஷன் மட்டும் சிரிக்கவில்லை. மந்திரி சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்போது தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவார்கள், என் வீட்டுக்காரர் பின்வாங்க மாட்டார் என்றேன். இவரைக் கேட்காமல் நானாகத்தான் சொன்னேன். அந்த மனுஷன் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பேப்பரில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் பிற்பகல் பஸ்ஸில் இவர் வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டிலேயே மாலை போட்டு, ஒரு ஊர்வலமாகவே வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். மொய் குறைத்த எம்மெல்லே என்று ஒருவன் கோஷம் கட்டிவிட்டான். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மாலை கழுத்தில் ஏறினால் எந்த அரசியல்வாதிக்குக் கசக்கும்? சிரித்த முகமாகத்தான் வாசலுக்கு வந்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் ஏதோ இடித்தது. ஜெயித்து வந்தவர் என்றால் என்னைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த மனுஷன் கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். கும்பிட்டார். மந்திரி என்ன சொன்னார் என்று கேட்டார். ஆவன செய்வதாகச் சொன்னார் என்றார் இவர். டாக்டர் எப்போது வருவார் என்று சொன்னாரா? தேதி சொல்லவில்லை. அப்படியென்றால் ஓட்டுக்கு விட்டீர்களா என்று கேட்டார்.

இவர் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வாபஸ் வாங்கிவிட்டேன் என்றார்.

இவர் அவசர அவசரமாக விளக்கினார். ஓட்டுக்கு விட்டால் நிச்சயம் தோற்கும், கை தூக்க ஆளும்கட்சிப் பக்கம்தான் ஆள் இருக்கிறது. தோற்றுவிட்டால், அந்த ஊருக்கு டாக்டர் தேவையில்லை என்று மன்றமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அமைச்சர் எழுந்து உறுதி சொன்ன பிறகு வெட்டுத் தீர்மானத்தை வாபஸ் வாங்குவதுதான் மரபு. சபாநாயகரும் அதைத்தான் கேட்டார். இனிமேல் போகிற காரியத்துக்கு அமைச்சரின் தயவு வேண்டும் அல்லவா? இவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. நியாயம்கூட இருந்தது. ஆனால், மொய்யைக் குறைத்துவிட்டு, சாப்பிட்டு எழுந்ததும் ரகசியமாக அந்த ஒரு ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்த மாமனைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பேச்சை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அந்த மனுஷன் முழுவதையும் கேட்டார். முடிந்த பிறகு கேட்டார்.

"எம் பொஞ்சாதியச் சொல்லித்தானங்க கேட்டீங்க. அவளையும் சேத்துத்தான் வாபஸ் வாங்குனீங்களா?"

இவர் ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஏதாவது. எத்தனை கூட்டங்களில் எத்தனை கேள்விகளைச் சமாளித்தவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து, ஆமாம் என்ற ஒரு சொல்தான் வந்தது. அதைச் சொன்னதற்காக அவரை நான் மதித்தேன். வாபஸ் வாங்கினதற்காக அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன.

"சரிங்க," என்றார் அந்த மனுஷன். "எம் பொண்ண நானே பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையிலேயே மகளைப் பஸ்ஸில் ஏற்றிக் காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். நாள் இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியும் போகவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு எதிரில் தெரிந்தவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறையைத் தங்கக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடலுக்கும் போகாமல், மகளோடு அங்கேயே தங்கிவிட்டார். இவர் கார் அனுப்புவதாக ஆள் மூலம் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று பதில் வந்தது. நான் கஞ்சியும் பழமும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போனேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, வாங்கம்மா என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அமைச்சர் ஆவன செய்வதாகச் சொன்ன டாக்டர் மறுவருடம்தான் வந்தார். அதற்கு ஒரு விழா வைத்து எங்கள் வீட்டுக்கும் அழைப்பு வந்தது. இவர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

பெண்ணுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. ஆண் குழந்தை. ஒரு தொகுதியில் காது குத்து, பூப்பு நீராட்டு, கடை திறப்பு என்று எது நடந்தாலும் சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்குப் பத்திரிகை வராமல் இருக்காது. சண்டைக்காரர்கள்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று குப்பம் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு சொல்தாவுக்கும் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை.